பூகம்பத்தைத் தீ என்று எழுதிய ஊர்

1905 அக்டோபரில் அமெரிக்கத் தீ இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் கூட்டமைப்பு சான் பிரான்சிஸ்கோவைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. எங்கே பார்த்தாலும் மரவீடு, குன்றும் மேடுமான நிலம், ஓயாத கடற்காற்று. இத்தனைக்குப் பிறகும் இந்த ஊர் எரியாமல் நிற்பது இன்ஷூரன்ஸ் சம்பிரதாயத்துக்கே விரோதமானது என்று எழுதினார்கள். தீயணைப்புத் துறை விழிப்பாக இருப்பதால்தான் தப்பித்து வருகிறது, அதையே என்றைக்கும் நம்பிக்கொண்டிருக்க முடியாது என்றும் ஒரு வரி சேர்த்தார்கள். அப்படி எழுதிவிட்டு அதே ஊரில் தொடர்ந்து பாலிசியும் விற்றார்கள். வியாபாரம் வியாபாரம்தானே.

ஆறு மாதம் கழித்து, 1906 ஏப்ரல் 18, புதன்கிழமை காலை 5:12. முதலில் ஓர் உதறல். இருபது, இருபத்தைந்து நொடி கழித்துப் பெரியது. முக்கால் நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை நிலம் ஆடியது. நிலத்தடிப் பாறைகள் ஒன்றையொன்று உரசி நழுவும் கோடான சான் ஆண்ட்ரியாஸ் பிளவு தெற்கே சான் வான் பட்டிஸ்டா பக்கத்திலிருந்து வடக்கே கேப் மென்டொசினோ வரை, சுமார் 477 கிலோமீட்டருக்கு ஒரே மூச்சில் கிழிந்தது. இன்றைய கணக்கில் அதன் அளவு 7.9 என்கிறார்கள். வடக்கே ஆரிகன் மாநிலத்தின் தென்பகுதியிலும், தெற்கே லாஸ் ஏஞ்சலிஸைத் தாண்டியும் அதை உணர்ந்தார்கள்.

இந்தப் பிளவை நான் கிட்டத்தட்ட தினமும் பார்க்கிறேன். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரையில் நாங்கள் இருக்கும் ஃப்ரீமாண்டிலிருந்து பாலம் தாண்டி 92-ஆம் நெடுஞ்சாலையில் ஏறி, 280-ஐப் பிடித்து வேலைக்குப் போகும் நம்மாட்கள் எல்லாருமே பார்க்கிறார்கள், அது பிளவு என்று தெரியாமல். நெடுஞ்சாலைக்கு மேற்கே நீளமாக, குறுகலாக, நூல் பிடித்தாற்போல் நேராகப் படுத்திருக்கும் கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் ஏரிதான். அந்தப் பள்ளத்தாக்கு அவ்வளவு நேராக இருப்பதற்குக் காரணம் அடியில் இருக்கும் பிளவு. கொஞ்சம் வடக்கே சான் ஆண்ட்ரியாஸ் ஏரி. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் நிலவியல் பேராசிரியர் ஆண்ட்ரூ லாஸன் 1895-இல் பிளவுக்குப் பெயர் வைத்தது இந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்துத்தான். ஏதோ உள்ளூர்ச் சமாச்சாரம் என்றுதான் அப்போது நினைத்தார். கலிஃபோர்னியாவின் தென்கோடிப் பக்கம் வரை அது நீள்கிறது என்பது 1906-க்குப் பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

பெர்க்லியில் அன்று காலை இன்னொரு நிலவியலாளர் படுக்கையில் இருந்தார். குரோவ் கார்ல் கில்பர்ட், அறுபதைத் தாண்டியவர். ஒரு பனியாறு, ஓர் எரிமலை வெடிப்பு, ஒரு பூகம்பம், இந்த மூன்றையும் நேரில் கண்டுவிட வேண்டும் என்பது எந்த நிலவியலாளருக்கும் உள்ள நியாயமான ஆசை என்று பின்னால் எழுதினார். மூன்றாவது அன்று படுக்கைக்கே வந்தது. பயப்படவில்லையாம், மகிழ்ச்சியாம். ஊரே சிதறிக்கிடந்தபோது மகிழ்ந்த மனிதரை என்ன சொல்ல? ஆனால் அப்புறம் அவர் செய்த வேலையைப் பார்த்தால் மன்னித்துவிடத் தோன்றும். கேமராவைத் தூக்கிக்கொண்டு வடக்கே பாயின்ட் ரெயஸ் பக்கம் போய், பிளவு போன தடத்தையெல்லாம் படம் எடுத்தார். வேலிகள் துண்டாகி நகர்ந்திருந்தன. டொமாலஸ் விரிகுடாவின் தலைமாட்டில் ஒரு சாலை அறுந்து, அதன் மறுபாதி ஏறக்குறைய 6 மீட்டர் தள்ளிக் கிடந்தது.

பேர் வேலி என்ற இடத்தில் இப்போது அதற்கு ஒரு நடைபாதை வைத்திருக்கிறார்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம், சுற்றிவர அரை மணிக்கு மேல் ஆகாது. பிளவு போகும் கோட்டில் வரிசையாக நீலக் கம்பங்கள் நட்டிருக்கும். அங்கே ஒரு மரவேலி, அப்போது இருந்தது போலவே திரும்பக் கட்டியது. நேராக வந்துகொண்டே இருக்கிற வேலி ஓர் இடத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. அதன் தொடர்ச்சி பக்கவாட்டில் ஏறக்குறைய 5 மீட்டர் தள்ளித் தொடங்குகிறது. நடுவில் வெறும் புல். பள்ளமில்லை, பிளந்த வாயில்லை. சினிமாவில் காட்டுவது மாதிரி பூமி வாய் பிளந்து விழுங்கும் என்று எதிர்பார்த்துப் போன என் மகனுக்குப் பெரிய ஏமாற்றம். அவனுக்காகவே ஒரு கதை இருக்கிறது. பக்கத்துப் பண்ணையில் ஒரு பசுமாடு வெடிப்பில் விழுந்து, வால் மட்டும் வெளியே தெரிந்ததாம். இது அரசாங்க அறிக்கையிலேயே ஏறிவிட்டது. செத்த மாட்டைப் புதைக்க வசதியான பள்ளம் கிடைத்தது என்று தள்ளிவிட்டு, பத்திரிகைக்காரர்களிடம் பண்ணைக்காரர் விளையாடினார் என்று பின்னால் பேச்சு வந்தது. நான் பண்ணைக்காரர் பக்கம்.

அந்த அறிக்கையைத் தயாரித்தவர் லாஸன். பூகம்பம் நடந்து மூன்றே நாளில் ஆளுநர் பார்டி விசாரணைக் குழுவை அமைத்தார், ஆனால் மாநிலம் பணம் தரவில்லை. வாஷிங்டனில் இருந்த கார்னகி நிறுவனம் கொடுத்த பணத்தில்தான் வேலை நடந்தது. 1908-இல் முதல் தொகுதி வந்தது. 1910-இல் வந்த அடுத்த தொகுதியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பேராசிரியர் ஹாரி ஃபீல்டிங் ரீட் ஒரு விஷயத்தைச் சொன்னார். 1850-களிலிருந்து எடுத்து வைத்திருந்த நில அளவைக் கணக்குகளை அவர் ஒப்பிட்டுப் பார்த்திருந்தார். பிளவிலிருந்து தள்ளி, அதன் இரு பக்கமும் இருந்த இடங்கள், பூகம்பத்துக்கு முந்தைய ஐம்பது ஆண்டில் ஒன்றையொன்று தாண்டி சுமார் 3 மீட்டர் நகர்ந்துவிட்டிருந்தன. பிளவு மட்டும் பூட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. பிரம்பை இரண்டு கையாலும் வளைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பட்டென்று முறிந்து இரண்டு துண்டும் நிமிருமே, அதுதான் என்றார் ரீட். அதுவரை, பூமி நடுங்குவதால் பிளவு உண்டாகிறது என்று நினைத்தவர்களே அதிகம். பிளவு நழுவுவதால்தான் பூமி நடுங்குகிறது என்று ரீட் திருப்பிப் போட்டார். இன்றைக்கும் பூகம்பப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

விஞ்ஞானிகள் இவ்வளவு தெளிவாக இருக்க, ஊர் வேறொரு கதையை எழுதிக்கொண்டிருந்தது.

ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் தீப்பிடித்தது. தீயணைப்புத் துறைத் தலைவர் டென்னிஸ் சல்லிவன் கதை வயிற்றைப் பிசையும். பழைய தரையடித் தண்ணீர்த் தொட்டிகளைச் சரிசெய்யுங்கள், கடல்நீரை ஏற்ற ஏற்பாடு செய்யுங்கள் என்று வருடக்கணக்கில் மன்றாடியவர் அவர். புஷ் தெருவில் தீயணைப்பு நிலையத்தின் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து ஹோட்டலின் புகைபோக்கி கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. நான்கு நாளில் இறந்துபோனார். அவருடைய ஆட்கள் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஊருக்குத் தண்ணீர் வந்ததே நான் மேலே சொன்ன அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து. அணைகள் அசையவில்லை. 1890 வாக்கில் கட்டிய கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் கான்கிரீட் அணை, பிளவுக்குப் பக்கத்திலேயே இருந்தும், இன்றுவரை நிற்கிறது. ஆனால் அங்கிருந்து புறப்பட்ட பெருங்குழாய்கள் நொறுங்கிவிட்டன, ஊருக்குள் ஓடிய குழாய்கள் நூற்றுக்கணக்கான இடங்களில் உடைந்தன. ஏரி நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஊர் எரிந்தது.

காலை பத்து மணி வாக்கில் ஹேய்ஸ் தெருவில் ஒரு பெண் அடுப்பைப் பற்றவைத்தாள். புகைபோக்கி உள்ளே உடைந்திருந்தது அவளுக்குத் தெரியாது. அந்த ஒரு வீட்டுத் தீ பரவிப் பரவி ஊரின் பெரும்பகுதியைத் தின்றது. ‘ஹாம் அண்ட் எக்ஸ் தீ’, அதாவது பன்றிக்கறி-முட்டைத் தீ என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பிரெசிடியோ ராணுவ முகாமிலிருந்து ஜெனரல் ஃபன்ஸ்டன் யாரையும் கேட்காமல் படையை இறக்கினார். கொள்ளையடிப்பவர்களைக் கண்ட இடத்தில் சுட்டுக் கொல்லலாம் என்று மேயர் ஷ்மிட்ஸ் அச்சடித்து ஒட்டினார். ராணுவச் சட்டம் எதுவும் அமலில் இல்லை, அப்படி உத்தரவிட மேயருக்கு அதிகாரமும் இல்லை. தீ தாண்டாமல் இருக்க டைனமைட் வைத்துக் கட்டடங்களைத் தகர்த்தார்கள். சில இடங்களில் கறுப்பு வெடிமருந்தைப் போட்டு, அதுவே புதிதாகத் தீ வைத்தது. மிஷன் பகுதியில் இருபதாம் தெருவும் சர்ச் தெருவும் சேரும் மூலையில் ஒரே ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் இருந்தது, அதை வைத்து அந்தப் பகுதியைக் காப்பாற்றினார்கள். ஒவ்வொரு ஏப்ரல் 18-ஆம் தேதியும் விடியற்காலையில் அந்தக் குழாய்க்குத் தங்க வண்ணம் பூசுகிறார்கள்.

மூன்று நாளுக்குப் பின் கணக்குப் பார்த்தால் 28,000 கட்டடங்கள் போயிருந்தன. நான்கு லட்சம் பேர் வாழ்ந்த ஊரில் சுமார் 2,25,000 பேருக்கு வீடில்லை. மொத்த நஷ்டம் அன்றைய பணத்தில் 40 கோடி டாலர், அதில் பூகம்பத்தால் மட்டும் வந்தது 8 கோடி என்பது ஒரு மதிப்பீடு. ஆகவே அதிகம் அழித்தது தீதான், அதில் பொய்யில்லை. எனக்கு உறுத்துவது அதற்கடுத்து நடந்தது.

ஊரில் பெரும்பாலான பாலிசிகள் தீக்கானவை. பூகம்பத்துக்குப் பணம் கிடையாது. பலவற்றில் இன்னொரு பொடி எழுத்து ஷரத்தும் இருந்தது. தீயைத் தவிர வேறு காரணத்தால் கட்டடம் விழுந்துவிட்டால், விழுந்த அந்தக் கணமே காப்பீடு காலாவதி. அதாவது வீடு முதலில் இடிந்து பிறகு எரிந்தால் ஒரு பைசா வராது. நிமிர்ந்து நிற்கும்போதே எரிந்திருந்தால் முழுப் பணமும் வரும். புதன்கிழமை காலை ஐந்தே காலுக்கு உங்கள் வீடு எப்படி இருந்தது என்பதுதான் கேள்வி. இடிந்ததா எரிந்ததா என்று காட்டச் சுவரே இல்லாத ஊரில் அதை நிரூபிக்க வேண்டும். இந்தக் கணக்கு ஜனங்களுக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. ராணுவத்தின் சிக்னல் பிரிவைச் சேர்ந்த கேப்டன் வைல்ட்மன், ஒரு பகுதியில் ஆட்கள் தங்கள் வீட்டுக்குத் தாங்களே தீ வைக்கிறார்கள் என்று ஒரு தீயணைப்பு வீரர் தன்னிடம் சொன்னதாகப் பதிவு செய்திருக்கிறார். பூகம்பத்தில் சேதமான வீட்டுக்கு, எரிந்தால்தான் இன்ஷூரன்ஸ் வரும் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்களாம். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கம்பெனிகளில் பல தினுசு. சில முழுதாகக் கொடுத்தன. சில டாலருக்கு முக்கால் டாலர் என்று பேரம் பேசின. சில ஐரோப்பியக் கம்பெனிகள் கையை விரித்தன. சில திவாலாயின. ஃபயர்மன்ஸ் ஃபண்ட் என்ற உள்ளூர்க் கம்பெனிக்கு ஆவணங்களே எரிந்துவிட்டன. பாதி ரொக்கம், பாதி தன் பங்குகள் என்று கொடுத்துப் பிழைத்தது. லண்டனின் லாய்ட்ஸ் இன்ஷூரன்ஸ் சந்தையில் கத்பர்ட் ஹீத் என்பவர், ஷரத்து என்னவானாலும் நம் பாலிசிதாரர்கள் எல்லாருக்கும் முழுதாகக் கொடு என்று தந்தி அடித்தார். லாய்ட்ஸுக்கு அமெரிக்காவில் அன்று ஏறிய மதிப்பு இன்னும் இறங்கவில்லை.

இன்ஷூரன்ஸ் ஒரு பக்கம் என்றால் ரியல் எஸ்டேட் இன்னொரு பக்கம். தீ எந்த ஊரிலும் வரும். சிகாகோ 1871-இல் எரிந்து எழுந்து நிற்கவில்லையா? ஆனால் பூகம்பம் வரும் ஊர் என்று பேரெடுத்தால் நியூயார்க்கிலிருந்து எவன் பணம் போடுவான்? சம்பவம் நடந்து ஒரு வாரத்திலேயே நகரின் ரியல் எஸ்டேட் வாரியம் கூடி, ‘பெரும் பூகம்பம்’ என்று யாரும் சொல்லக்கூடாது, ‘பெருந்தீ’ என்றே சொல்ல வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ரயில்வேயும் நிலமும் கையில் வைத்திருந்த சதர்ன் பசிபிக் கம்பெனியும் அதே பாட்டைப் பாடியது. இடையில் நகர மண்டபம் ஒன்று கதையைக் கெடுத்துக்கொண்டு நின்றது. இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் இழுத்து இழுத்துக் கட்டிய கட்டடம், ஒரு நிமிடத்துக்குள் கல்லெல்லாம் உதிர்ந்து இரும்புக்கூடும் அதன்மேல் குவிமாடமுமாக நின்றது. ஊழல் பணத்தில் எழுந்த சுவர் என்று ஊர் பேசியது.

இறந்தவர் எண்ணிக்கையும் இதே வழியில் போனது. 1907-இல் நகர மேற்பார்வை மன்றம் 478 என்று முடித்துவைத்தது. அறுபது ஆண்டுக்குமேல் அதுதான் எண். 1960-களில் நகர நூலகத்தில் வேலைபார்த்த கிளாடிஸ் ஹான்ஸனிடம் வந்தவர்கள் இறந்தவர் பட்டியலைக் கேட்டார்கள். தேடினார். அப்படி ஒன்று இல்லவே இல்லை. எண் இருக்கிறது, பெயர்கள் இல்லை. தானே ஆரம்பித்தார். பிரேத விசாரணைப் பதிவுகள், பழைய பத்திரிகைகள், குடும்பங்கள் அனுப்பிய கடிதங்கள் என்று பல பத்தாண்டுகள் சேர்த்தார். எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டியது. இந்த மொத்தக் கதையிலும் எனக்குப் பிடித்தவர் யார் என்று கேட்டால், ஜெனரலும் இல்லை, பேராசிரியரும் இல்லை, இந்த நூலகர்தான்.

478-இல் சீனர்கள் மிகச் சிலரே. சைனாடவுனில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தீ அணைந்த கையோடு சைனாடவுனை ஊரின் தென்கிழக்கு ஓரத்தில் ஹன்டர்ஸ் பாயின்டுக்குத் துரத்திவிட ஒரு திட்டம் கிளம்பியது. நல்ல மனையாயிற்றே. சீன அரசின் தூதரகத்திலிருந்து ஆட்கள் வந்து, பேரரசிக்கு இதில் உடன்பாடில்லை, எங்கள் அலுவலகத்தைப் பழைய இடத்தின் நடுவிலேயே திரும்பக் கட்டுவோம் என்றார்கள். சீனாவோடு நடந்த வியாபாரமும், அங்கிருந்து வந்த வாடகையும் கைநழுவும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. திட்டம் விழுந்தது. லுக் டின் எலி போன்ற வணிகர்கள் வெள்ளைக்காரக் கட்டடக்கலைஞர்களை வைத்து, வளைந்த கூரையும் பகோடா கோபுரமுமாகப் புது சைனாடவுனை எழுப்பினார்கள். நாம் ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போய் போட்டோ எடுக்கிறோமே, அந்தப் ‘புராதன’ அழகு முழுக்க 1906-க்குப் பிறகு கணக்குப் போட்டுச் செய்தது. இனி எங்களைத் துரத்தினால் சுற்றுலாப் பணம் போகும் என்கிற கணக்கு.

அத்தோடு ஆவண மண்டபமும் எரிந்தது, பிறப்புப் பதிவுகளோடு. 1882-லிருந்து சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதைச் சட்டம் தடுத்திருந்தது. இங்கே பிறந்தவர்களுக்கு மட்டும் குடியுரிமை உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வாங் கிம் ஆர்க் என்பவர் உச்ச நீதிமன்றம் வரை போய் 1898-இல் வாங்கித் தந்த உரிமை அது. எச்1பி விசாவில் வந்த நம்மவர்கள் தங்கள் குழந்தைக்கு அமெரிக்க பாஸ்போர்ட் எடுத்தபோது நன்றி சொல்லியிருக்க வேண்டிய ஆள். ஆவணம் எரிந்த பிறகு, நானும் இங்கேதான் பிறந்தேன் என்று ஒருவர் சொன்னால் இல்லை என்று காட்ட அரசிடம் காகிதம் இல்லை. குடிமகனானவர், சீனாவில் எனக்கு மகன் இருக்கிறான் என்பார். அந்தப் பெயரில் வேறொரு பையன் கப்பல் ஏறுவான். ‘காகித மகன்கள்’ என்று அவர்களைச் சொல்வார்கள். 1910-லிருந்து வளைகுடாவில் உள்ள ஏஞ்சல் தீவின் குடிவரவு நிலையத்தில் உட்காரவைத்து, உன் வீட்டுக்கு எத்தனை படி, கிணறு எந்தத் திசை என்று குடைந்து குடைந்து கேட்டார்கள். தீ என்று எழுதி ஊர் பணம் சேர்த்த அதே நேரத்தில், அதே தீயை வைத்து இவர்கள் வாழ்க்கையைச் சேர்த்துக்கொண்டார்கள்.

தீ என்று எழுதியதால் தீக்குத்தான் மருந்து தேடினார்கள். அதை நன்றாகவே செய்தார்கள், சொல்ல வேண்டும். தனிக் குழாய் அமைப்பு, ட்வின் பீக்ஸ் குன்றின் மேல் நீர்த்தேக்கம், தெருவுக்கடியில் தொட்டிகள். சில நாற்சந்திகளில் ரோட்டின் நடுவே செங்கல் பதித்த பெரிய வட்டம் தெரியும். அடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது என்று அர்த்தம். நடுக்கத்துக்கோ ஒன்றும் இல்லை. கட்டடம் எவ்வளவு காற்றைத் தாங்க வேண்டும் என்று ஒரு விதி போட்டார்கள், அதையும் சில ஆண்டுகளில் தளர்த்தினார்கள். மாநிலம் தழுவிய பூகம்பக் கட்டடச் சட்டம் வர, 1933-இல் லாங் பீச் பூகம்பத்தில் பள்ளிக்கூடங்கள் இடிய வேண்டியிருந்தது. 1915 உலகக் கண்காட்சிக்காக வடகரையில் ஒரு நீர்ப்பரப்பைத் தூர்த்து மேடாக்கினார்கள், பிறகு அதிலேயே வீடும் கட்டினார்கள். அதுதான் மரீனா. 1989 அக்டோபர் 17-இல் லோமா பிரீட்டா பூகம்பம் வந்தபோது அந்த மண் சேறாய் இளகி வீடுகள் சாய்ந்தன, தீயும் பிடித்தது. குழாயில் தண்ணீர் போதவில்லை. ஃபீனிக்ஸ் என்ற தீயணைப்புப் படகு கரைக்கு வந்து கடல்நீரை இறைத்தது. சல்லிவன் கேட்டதும் கடல்நீர்தான்.

இதையெல்லாம் நான் படிக்கத் தொடங்கியது வீடு வாங்கும்போது. கலிஃபோர்னியாவில் எஸ்க்ரோ, அதாவது விற்பனை முடியும்வரை பணத்தையும் பத்திரத்தையும் நடுவர் ஒருவர் வைத்திருக்கும் கட்டம், நடக்கும்போது கையெழுத்துக்கு வரும் காகிதக் கட்டில் இயற்கைப் பேரிடர் வெளிப்படுத்தல் என்று ஒன்று இருக்கும். வெள்ளம், காட்டுத்தீ, பிளவு மண்டலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை. 1972-க்குப் பிறகு உயிருள்ள பிளவின் மேலேயே புதிதாக வீடு கட்ட மாநிலச் சட்டம் பொதுவாக விடாது. எங்கள் வீட்டுக்கு ‘இல்லை’ என்றிருந்தது. ஆனால் ஃப்ரீமாண்டில் எங்கே நின்றாலும் ஹேவர்ட் பிளவு பக்கம்தான். வாரயிறுதியில் நாம் நடக்கப்போகும் சென்ட்ரல் பார்க் ஊடாகவே அது போகிறது. சான் ஆண்ட்ரியாஸைப் போலப் பூட்டிக்கொண்டு மட்டும் கிடக்காமல், மேற்பரப்பில் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் ஊர்ந்துகொண்டும் இருக்கிறது. ஹேவர்டில் ரோஸ் தெருவும் பிராஸ்பெக்ட் தெருவும் சேரும் மூலையில் நடைபாதை விளிம்புக்கல் இரண்டாக விலகியதை நிலவியலாளர்கள் பல பத்தாண்டுகள் படமெடுத்து வந்தார்கள். 2016-இல் நகராட்சி ஆட்கள் சக்கர நாற்காலிக்குச் சரிவு போடுகிறேன் என்று அதை உடைத்துவிட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது கோணலான கல்.

அந்தப் பிளவு கடைசியாகப் பெரிதாக உடைந்தது 1868-இல். 1906 வரும்வரை ‘சான் பிரான்சிஸ்கோவின் பெரும் பூகம்பம்’ என்ற பெயர் அதற்குத்தான் இருந்தது. 2014-லிருந்து 2043-க்குள் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 6.7 அல்லது அதற்கு மேற்பட்ட பூகம்பம் வர 72 சதவீத வாய்ப்பு என்று அமெரிக்க நிலவியல் ஆய்வகம் சொல்கிறது. ஹேவர்ட் பிளவின் பங்கு அதில் பெரிது.

எங்கள் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கோயம்புத்தூர்க்காரர். பாலிசியை ஓட்டிக்கொண்டு வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். “சார், பூகம்பத்துல வீடு விரிசல் விட்டாலோ சாஞ்சாலோ இதுல வராதுங்க. பூகம்பத்தால தீப்பிடிச்சு எரிஞ்சா வந்துருங்க” என்றார். மாநிலச் சட்டமே அப்படி, தீக்கான பாலிசி பூகம்பத்தைத் தொடர்ந்து வரும் தீயையும் ஏற்க வேண்டும் என்று விளக்கினார். நான் சிரித்தது அவருக்குப் புரியவில்லை.

பூகம்பத்துக்குத் தனி பாலிசி உண்டு. 1994 நார்த்ரிட்ஜ் பூகம்பத்துக்குப் பிறகு தனியார் கம்பெனிகள் பின்வாங்கவே, மாநிலம் அமைத்த கலிஃபோர்னியா பூகம்ப ஆணையத்தின் பாலிசி அது. டிடக்டிபிள் 5-லிருந்து 25 சதவீதம் வரை. வீட்டைத் திரும்பக் கட்ட ஆறு லட்சம் டாலர் ஆகும் என்று வைத்து 15 சதவீதம் எடுத்தால், முதல் 90,000 டாலர் நம் கைக்காசு. ஏஜென்ட் போன பிறகு என் மனைவி கேட்டாள்: “ஏங்க, அந்தப் பணத்துல வீட்டைக் கெட்டிப்படுத்தினா என்ன?” ஐம்பதுகளில் கட்டிய வீடு. அடிமண்ணுக்கும் வீட்டின் தரைக்கும் நடுவே ஆள் ஊர்ந்து போகும் இடைவெளி இருக்கும். ஒரு கான்ட்ராக்டர் டார்ச்சோடு உள்ளே போய், செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். கான்கிரீட் அடித்தளத்தின் மேல் ஒரு கட்டை. அதன் மேல்தான் மொத்த வீடும். கட்டையையும் கான்கிரீட்டையும் சேர்க்கிற போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் சிலந்திவலைதான் இருந்தது. வீடு சும்மா உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார்.

போல்ட் போட அடுத்த மாதம் ஆள் வருகிறார்கள். பழைய வீடுகளுக்கு இதற்கென்று மாநிலம் கொஞ்சம் மானியமும் தருகிறது, விண்ணப்பித்திருக்கிறோம். பாலிசி விஷயம் இன்னும் முடியவில்லை. அவள் 15 சதவீதத்தில் நிற்கிறாள், நான் 10-இல்.